நிறைகோலும் எழுதுகோலும்: விடைத்தாள் மதிப்பீட்டில் நடுவுநிலையின் வரலாறு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும், கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் வழங்குதல் அந்நாட்டு மரபு. படுவான்கரையிலே, போரதீவுப்பற்றில் அமைந்த பழுகாமம், திரௌபதையம்மன் வழிபாட்டாற் பெயர்பெற்ற பழம்பதி. பாரதக் கதை அவ்வூரார்க்கு ஏட்டில் மட்டும் உறையும் கதையன்று. சடங்கிலும் தீமிதிப்பிலும் அவர்தம் வாழ்வோடு கலந்தது. ஆகலின், துரோணரைப் பற்றி அவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மரத்தின்மேல் ஒரு பறவையை வைத்து, மாணாக்கர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, எல்லாரிடத்தும் ஒரே வினாவை வினவியவர் துரோணர். குறி ஒன்று, வினா ஒன்று, நின்ற இடமும் ஒன்று. தேர்வு முறையில் யாதொரு குறையும் இல்லை. ஆயினும் அருச்சுனனே வில்லாளருள் முதல்வனாவான் என்று முன்னரே வாக்களித்துவிட்ட அவ்வாசிரியரே, ஏகலைவனின் திறமையைக் கண்டபோது அவன் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டார். தேர்வு செம்மையானதாக இருந்தும், தேர்ந்தவர் ஒருவர்பாற் பற்றுடையவராக இருந்தமையால் நீதி தவறிற்று.

மாணவனது அறிவை அளந்து கூறும் பணி எக்காலத்தும் இவ்விடர்ப்பாட்டை உடையது. பொன்னை நிறுப்பவனுக்குப் பொன்மேல் விருப்பம் இருப்பினும் நிறைகோல் பொய் சொல்லாது. விடைத்தாளைத் திருத்துபவனுக்கோ அவன் மனமே நிறைகோல். அம்மனத்தின் கோட்டத்தைத் தடுத்தற்கு மக்கள் காலந்தோறும் வகுத்த வழிகள் எவை, அவை எங்கு வென்றன, எங்குத் தோற்றன என்பவற்றை ஆராய்வது வெறும் பழங்கதையாராய்ச்சி அன்று. ஈழத்து மாணவர் தலைமுறையொன்றின் விதியையே மாற்றிய நிகழ்ச்சி அவ்வரலாற்றினுள் அடங்கியுள்ளது.

தமிழ் மரபிலே, நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்த திருவள்ளுவர் நிறைகோலையே சான்றோர்க்கு உவமையாக்கினார். இறையனார் களவியலுரை கூறும் கதையொன்று இதனினும் நுட்பமான கருத்தை உணர்த்துகின்றது. களவியலுக்குச் சங்கப் புலவர் பலரும் உரை கண்டனர். எவர் உரை மெய்யுரை என்று துணிய வல்லார் அவருள் ஒருவரும் இலர். ஒவ்வொருவரும் தத்தம் உரைக்கே உரியவர் ஆதலின், தம்முள் ஒருவரை நடுவராக்க இயலவில்லை. ஈற்றில், உருத்திரசன்மன் என்னும் வாய்பேசாச் சிறுவனைக் காரணிகனாக இருத்தினர். மருதனிளநாகனார் உரையைக் கேட்டுழி ஒரோவிடத்து அவன் கண்ணீர் வார்ந்தான். நக்கீரனார் உரையைக் கேட்டுழிப் பதந்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். அதுவே மெய்யுரை எனப்பட்டது. இக்கதையின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், இதனைப் புனைந்தோர் ஒன்றை நன்கறிந்திருந்தனர். மதிப்பிடுவோனுக்குத் தன் பயன் இருத்தல் ஆகாது. எழுதியவன் புகழும் அவன் மதிப்பீட்டைத் தொடலாகாது.

தமிழர் கதையில் உணர்த்திய இக்கருத்தைச் சீனர் அரசாட்சி முறையாகவே அமைத்தனர். சொங் மரபினர் ஆட்சியில், 11 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, அரசாங்கத் தேர்வில் எழுதுவோரின் பெயர் தாளால் மூடி ஒட்டப்பட்டது. பெயரை மறைத்தும் கையெழுத்தைக் கொண்டு ஆளை அறிதல் கூடும் என்று அஞ்சி, எழுத்தாளரைக் கொண்டு விடைகளைப் படியெடுப்பித்து, அப்படிகளையே பரீட்சகரிடம் கொடுத்தனர். இக்காலத் தேர்வுகளில் மாணவன் பெயருக்குப் பதிலாகச் சுட்டெண் எழுதப்படுவதும் அவ்வச்சத்தின் பயனே. மனிதன் நல்லவனாயினும் அவன் கண்முன் பெயர் நிற்றல் தகாது என்பதே இம்முறைகளின் அடிப்படை.

மதிப்பிடும் பணி ஆசிரியர் ஒருவர்க்கே என்றும் உரியதாய் இருந்ததில்லை. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணாக்கன் இளையோர்க்குப் பாடஞ் சொல்லி, அவர் ஒப்புவிப்பதைக் கேட்டுப் பிழை திருத்துவான். ஆசிரியர்க்கு உதவியாக நின்று மாணவரை அளக்கும் இளைஞர் அனைவர்க்கும் அவனை மூதாதை எனலாம். 1789 ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆண்மக்களுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற அந்திரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிச் சிறார் மணலில் விரலால் எழுதிப் பயிலுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் ஒழுங்கையும் வகுத்தார். 1797 இல் அதனை நூலாக இலண்டனில் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று.

இம்முறையின் நன்மை வெளிப்படை: ஓர் ஆசிரியர் பலநூறு பிள்ளைகளைக் கற்பிக்க முடிந்தது. இடரும் அதன் உள்ளேயே இருந்தது. சட்டாம்பிள்ளை தான் அளக்கும் சிறுவரோடு ஒரே ஊரில் வாழ்பவன். அவருள் உறவினரும் உண்டு, பகைவரும் உண்டு. ஆசிரியரின் மதிப்பை இழக்கவும் அவன் விரும்பான், தோழரின் நட்பை இழக்கவும் விரும்பான். அதிகாரம் சிறிது, பொறுப்போ பெரிது என்னும் இந்நிலை, பிற்காலத்து உதவி விரிவுரையாளர்க்கும் உதவிப் பரீட்சகர்க்கும் அப்படியே வந்து சேர்ந்தது.

மட்டக்களப்பில் மேனாட்டு முறைக் கல்வி 1814 ஆம் ஆண்டில் மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் வந்திறங்கியதோடு தொடங்கிற்று. அரசினர் கல்வித்துறையில் நேரே தலையிட்டது பின்னரேயாம். 1869 ஆம் ஆண்டில் பொதுப்போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. அதனையடுத்து, இங்கிலாந்தில் 1862 ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருந்த பெறுபேற்றுக்கேற்ற நன்கொடை என்னும் திட்டம் இலங்கைக்கும் வந்தது. வித்தியாபரிசோதகர் ஆண்டுக்கொருமுறை பாடசாலைக்கு வந்து, பிள்ளைகளை வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் சோதிப்பார். தேறிய பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பாடசாலைக்குப் பணம் கிடைக்கும்.

பணத்தைப் புள்ளியோடு முடிச்சிட்டதன் விளைவு விரைவில் வெளிப்பட்டது. பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனனஞ் செய்யப் பழக்கப்பட்டனர். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தும் பிழையின்றி வாசிக்கும் பிள்ளைகள் இருந்தனர் என்று இங்கிலாந்தில் எள்ளி நகையாடப்பட்டது. தாமே பரிசோதகராய் விளங்கிய மத்தியூ ஆர்னல்ட் என்னும் கவிஞர் இத்திட்டத்தை ஓயாது கண்டித்தார். ஒரு பிள்ளையைத் தவறியவன் என்று குறித்தால் ஆசிரியரின் ஊதியம் குறையும் என்பதைப் பரிசோதகர் அறிவார். அவ்வாறிருக்க, அவர் இடுவது பிள்ளையின் அறிவுக்குரிய குறியா, ஆசிரியரின் வறுமைக்குரிய குறியா என்பது எவர்க்கும் விளங்காது. புள்ளியைப் பிறிதொன்றன் விலையாக்கினால், புள்ளி அளவுகோலாகும் தன்மையை இழந்துவிடும் என்பதே இத்திட்டம் விட்டுச் சென்ற பாடம்.

1880 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் உள்ளூர்த் தேர்வுகள் இலங்கைக்கு வந்தன. இலண்டன் பல்கலைக்கழகத் தேர்வுகளும் ஈழத்து மாணவர்க்குக் கிட்டின. வினாத்தாள் கப்பலில் வந்தது. விடைத்தாள் கப்பலிற் சென்றது. காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் பயின்று, 1908 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சிரேட்ட தேர்விற் சித்தியெய்திய மயில்வாகனன் என்னும் மாணவரே பின்னாளில் விபுலாநந்த அடிகளாராயினார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதத் தேர்விலும், 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் அவர் தேறினார். அவர் விடைகளைத் திருத்திய கேம்பிரிட்ஜ்ப் பரீட்சகர்க்குக் காரைதீவு எங்குள்ளது என்பதும் தெரியாது; எழுதியவர் குலம், ஊர், செல்வம் எவையும் தெரியா. தூரமே அங்கு நடுவுநிலையைக் காத்தது.

ஆயின், அத்தூரத்திற்கு ஒரு விலையும் இருந்தது. மட்டக்களப்பு மாணவன் தன் வாவியையும் வயலையும் தன் மொழியின் இலக்கியத்தையும் விடுத்து, தான் காணாத நாட்டின் செய்திகளையே கற்க நேர்ந்தது. ஆங்கிலப் பாடசாலைகள் புளியந்தீவு போன்ற இடங்களிலேயே ஓங்கி நின்றமையால், படுவான்கரைச் சிற்றூர்ப் பிள்ளை அத்தேர்வு மண்டபத்தின் வாயிலையே அடைய அரிதாயிற்று. திருத்துவதில் நீதி இருந்தது; தேர்வு எழுதும் நிலையை அடைவதில் நீதி இல்லை. இவை இரண்டும் வெவ்வேறானவை. 1929 இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்த அடிகளார் இரண்டாவது குறையை நீக்கவே முயன்றார். பின்வந்த ஆட்சியாளர் பலர் இவ்விரண்டையும் ஒன்றோடொன்று குழப்பியமையே பெருந்துன்பத்திற்கு வித்தாயிற்று.

அக்குழப்பத்தை விளங்கிக்கொள்ளுதற்கு, மதிப்பீட்டைப் பற்றி 20 ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்ட உண்மையொன்றை முதலில் அறிதல் வேண்டும். அமெரிக்க ஆராய்ச்சியாளராகிய இசுட்டார்ச், எலியட் என்போர் 1913 இல் ஒரே கேத்திரகணித விடைத்தாளைப் படியெடுத்து நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்க்கு அனுப்பினர். 100 புள்ளிக்குரிய அத்தாளுக்கு 28 இட்டவரும் உளர். 90 க்கு மேல் இட்டவரும் உளர். கணிதத்திலேயே இவ்வாறாயின் கட்டுரையின் நிலையைக் கூற வேண்டுவதில்லை. இங்கிலாந்தில் ஆர்ட்டொக், ரோட்சு என்போர் 1935 இல் வெளியிட்ட ஆய்வு மேலும் அதிர்ச்சி தருவது. வரலாற்று விடைத்தாள்கள் 15 ஐப் பரீட்சகர் 14 பேர் திருத்தினர். ஓராண்டுக்கு மேற்பட்ட இடைவெளியின் பின் அதே தாள்களை அவர்களே மீண்டும் திருத்தினர். 210 தீர்ப்புகளில் 92 மாறிவிட்டன. சித்தியெய்தியவன் தவறினான், தவறியவன் சித்தியெய்தினான். அப்பரீட்சகருள் ஒருவரும் நேர்மையற்றவர் அல்லர். களைப்பும், முன்படித்த தாளின் சாயலும், புள்ளித்திட்டத்தின் தெளிவின்மையுமே அவர்களை அலைத்தன.

ஆகவே, மதிப்பீட்டில் வேறுபாடு காணப்படின் அதனைக் கொண்டே வஞ்சனை என முடிவு செய்தல் தவறு. வேறுபாடு தோன்றுதல் இயல்பு. அதனை அறிந்து குறைத்தற்கு வழியும் உண்டு. ஒரே தாளை இருவர் தனித்தனியே திருத்துதல், தலைமைப் பரீட்சகர் மாதிரித் தாள்களை மீண்டும் பார்த்தல், புள்ளித்திட்டத்தைத் தொடங்குமுன் கூடி ஆராய்தல் என்பன அவ்வழிகள். சந்தேகம் எழுந்தால் தாளுக்கே திரும்பிச் செல்ல வேண்டும் என்பதே இவையனைத்தின் சாரம்.

இலங்கையில் இந்நெறி மறக்கப்பட்ட காலம் வந்தது. 1942 இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தது. தாய்மொழிக் கல்வி படிப்படியாக மேல்வகுப்புகளை எட்டி, 1960 இல் கலைத்துறை மாணவர் சிங்களத்திலும் தமிழிலும் பயிலப் பல்கலைக்கழகம் புகுந்தனர். பின்னர் அறிவியற் பாடங்களும் அவ்வாறாயின. தாய்மொழியிற் கற்றல் பழுகாமத்துப் பிள்ளைக்கும் அநுராதபுரத்துப் பிள்ளைக்கும் ஒருங்கே பெருநன்மை. ஆயின், மதிப்பீட்டில் ஒரு புதிய நிலை தோன்றிற்று. சிங்கள விடைத்தாளைச் சிங்களப் பரீட்சகரும் தமிழ் விடைத்தாளைத் தமிழ்ப் பரீட்சகரும் திருத்தினர். இரு தொகுதிகளையும் ஒருவரே படித்து ஒப்பிடும் நிலை அருகிற்று. மொழியறியாதவன் மனத்தில் ஐயம் புகுவதற்கு அவ்விடைவெளி போதியதாயிற்று.

1970 ஆம் ஆண்டில், தமிழ்ப் பரீட்சகர் தம் மாணவர்க்குப் புள்ளிகளை வாரி வழங்கினர் என்னும் குற்றச்சாட்டு எழுப்பப்பட்டது. அது நிறுவப்படவில்லை. நிறுவப்படாமலேயே தண்டனை மட்டும் வந்தது. அதுவும் பரீட்சகர்க்கு அன்று, மாணவர்க்கு. 400 புள்ளிகளுள் மருத்துவ பீடத்தில் இடம்பெறச் சிங்கள மாணவர்க்கு 229 போதியதாக, தமிழ் மாணவர்க்கு 250 வேண்டியிருந்தது. பொறியியலுக்கு முறையே 227 உம் 250 உம் வரையறுக்கப்பட்டன. 1973 இல் தரப்படுத்தல் என்னும் கணித முறை இதற்குச் சட்டை தைத்துக் கொடுத்தது.

தரப்படுத்தலின் இயல்பு அறியற்பாலது. ஒவ்வொரு மொழித் தொகுதியின் சராசரிப் புள்ளியையும் புள்ளிகளின் பரம்பலையும் தனித்தனியே கணித்து, இரு தொகுதியும் ஒரே சராசரியும் ஒரே பரம்பலும் உடையன ஆகுமாறு புள்ளிகளை மாற்றுதலே அது. எடுத்துக்காட்டாக, ஒரு தொகுதியின் சராசரி 55, மற்றதன் சராசரி 45, பரம்பல் இரண்டிலும் 10 எனக் கொள்க. முதற்றொகுதியில் 65 பெற்றவனும் இரண்டாந்தொகுதியில் 55 பெற்றவனும் சமமானவர் ஆகிவிடுவர். இவ்வாறு செய்வதற்கு ஒரே நியாயந்தான் உண்டு: இரு தொகுதியினரும் உண்மையில் சம அறிவினர், வேறுபாடு முழுவதும் திருத்தியவரால் வந்தது என்று கொள்ளுதல். ஆனால், நிறுவ வேண்டிய பொருளே அதுதான். நிறுவ வேண்டியதை அடிப்படையாகக் கொண்டு, அதன்மேல் கணக்கு எழுப்பப்பட்டது. கணக்கு பிழையற்றது, அதன் அடிப்படையோ வெறும் ஐயம்.

ஐயத்தைத் தீர்க்க வழி இல்லாமலும் இல்லை. கணிதத்திலும் பௌதிகத்திலும் எண்களும் குறியீடுகளும் சமன்பாடுகளும் இரு மொழிக்கும் பொது. இரு மொழியும் அறிந்த சான்றோர் சிலரை அமர்த்தி, இரு தொகுதியிலுமிருந்து மாதிரித் தாள்களை எடுத்து, ஒரே புள்ளித்திட்டப்படி திருத்துவித்திருப்பின், பரீட்சகர் மேல் உள்ள குற்றம் உண்மையா பொய்யா என்பது அவற்றால் விளங்கியிருக்கும். தாளுக்குத் திரும்பிச் செல்லும் முறையை நிலையான நெறியாக்காது, புள்ளியை மாற்றும் முறையையே அரசு நெறியாக்கியது.

1974 இல் மாவட்ட ஒதுக்கீடு புகுத்தப்பட்டது. இது தரப்படுத்தலோடு சேர்ந்தே வந்தமையால் இரண்டும் ஒன்றெனவே மக்கள் மனத்திற் பதிந்தன. உண்மையில் அவை வேறு. மாவட்ட ஒதுக்கீடு பரீட்சகரை ஐயுறவில்லை. பாடசாலைகள் சமமானவை அல்ல என்னும் வெளிப்படையான உண்மையைக் கூறி, வசதி குறைந்த மாவட்டங்களுக்கு இடம் ஒதுக்கிற்று. அதனால் யாழ்ப்பாணமும் கொழும்பும் இழந்தன. மட்டக்களப்புப் போன்ற மாவட்டங்கள் சில இடங்களைப் பெற்றன. இழந்தவர் வேதனை பொய்யன்று. பெற்றவர் தேவையும் பொய்யன்று. எவ்வளவு ஒதுக்குவது, எத்தனை காலம் ஒதுக்குவது என்பவை பொதுமக்கள் முன் வாதிட்டுத் தீர்க்கத்தக்க வினாக்கள். மொழிவாரித் தரப்படுத்தலோ, ஒரு கொள்கை முடிவைத் திருத்துவோர் குற்றமாகக் காட்டி ஒளித்தது. தமிழ் இளைஞர் உள்ளத்தில் அது விதைத்த கசப்பு, பின்வந்த போராட்ட ஆண்டுகளுக்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று என்பதை வரலாற்றாசிரியர் பலரும் ஒப்புவர்.

1977 இல் ஆட்சி மாறியபின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு வெவ்வேறு விகிதங்களில் நிலைத்தது. இன்று இடங்களிற் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்ட விகிதத்திற்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. மட்டக்களப்பு அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. எனினும், மாவட்டம் என்னும் எல்லைக்குள்ளும் ஒரு வாவி குறுக்கே கிடக்கின்றது. பட்டிருப்புப் பாலத்திற்கு மேற்கே கற்கும் பிள்ளையும், நகரத்துப் பெரிய கல்லூரியில் ஆய்வுகூட வசதியோடு கற்கும் பிள்ளையும் ஒரே மாவட்டப் பட்டியலிலேயே போட்டியிடுகின்றனர். அவ்வேற்றத்தாழ்வை எந்தப் புள்ளிக் கணக்கும் நீக்காது. ஆசிரியரும் நூலகமும் ஆய்வுகூடமும் படுவான்கரைக்குச் சென்றாலன்றி அது நீங்காது.

2001 ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி முறை நடைமுறைக்கு வந்தது. இதுவும் சராசரியையும் பரம்பலையும் கொண்டு கணிப்பதே. ஆயின் மொழிகளுக்கிடையே அன்று, பாடங்களுக்கிடையே ஒப்பீடு செய்வது. எளிய பாடத்தில் பெற்ற 70 உம் கடிய பாடத்தில் பெற்ற 70 உம் ஒன்றாகா என்பதே அதன் கருத்து. ஒரே கருவி ஓரிடத்தில் நீதிக்கும் மற்றோரிடத்தில் அநீதிக்கும் துணையாதல் காண்க. கருவியைப் பயன்படுத்துவோர் எத்தொகுதியை எத்தொகுதியோடு ஒப்பிடுகின்றனர் என்பதிலேயே நீதி தங்கியுள்ளது. 2011 ஆம் ஆண்டு உயர்தரத் தேர்வில் பழைய பாடத்திட்டத்தினரையும் புதிய பாடத்திட்டத்தினரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணித்த இசட் புள்ளிகளை 2012 இல் உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டு, தனித்தனியே கணிக்குமாறு பணித்ததும் இவ்வுண்மையை வலியுறுத்தும். 1970 இல் மாணவர்க்குக் கிட்டாத நீதிமன்றத் தீர்ப்பு 2012 இல் மாணவர்க்குக் கிட்டிற்று.

இவ்வரலாற்றின் இறுதியில் நிற்பவர் உதவிப் பரீட்சகர். பல்கலைக்கழகத்தில் அவர் அண்மையிற் பட்டம்பெற்ற உதவி விரிவுரையாளராகவும் இருப்பார். கட்டாக வந்த விடைத்தாள்களை முதலிற் பிரிக்கும் கை பெரும்பாலும் அவருடையதே. சட்டாம்பிள்ளையைப் போலவே அவரும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் இடையே நிற்கின்றார். மேற்கூறிய நூற்றாண்டுகளின் படிப்பினை அவர்க்குச் சில எளிய ஒழுங்குகளாகவே பயன்படும். பெயரைப் பாராது சுட்டெண்ணை மட்டும் நோக்குதல். ஒருவன் தாள் முழுவதையும் ஒருங்கே திருத்தாது, எல்லார்க்கும் முதல் வினாவை முடித்து, அதன்பின் எல்லார்க்கும் இரண்டாம் வினாவைத் தொடங்குதல். அதனால் ஒரு விடையின் சிறப்பு அடுத்த விடையின் குறையை மறைக்காது. களைத்த நேரத்துத் திருத்திய தாள்களை மறுநாட் காலையில் மீண்டும் பார்த்தல். எல்லைக்கோட்டில் நிற்கும் தாளை மற்றொருவர்க்கும் காட்டுதல். கருணையாற் புள்ளி கூட்டாதிருத்தல். ஒருவனுக்குக் காட்டும் கருணை, இடம் வரையறுக்கப்பட்ட தேர்வில், அறியாத மற்றொருவன் இடத்தைப் பறிப்பதாகும்.

இவ்வொழுங்குகளைக் காத்தும் ஐயம் எழுதல் கூடும். அப்போது பரீட்சகர் சினத்தலும் தகாது. ஆட்சியாளர் அவசரப்பட்டுப் புள்ளியை மாற்றுதலும் தகாது. தாளைத் திறந்து மீண்டும் படித்தலே தகும். பழுகாமத்துப் பிள்ளை எழுதிய விடையைப் படிப்பவர், அப்பிள்ளையின் ஊரைப் பற்றி எதுவும் அறிய வேண்டியதில்லை. அப்பிள்ளைக்குப் பாடசாலை அமைப்பவர் அவ்வூரைப் பற்றி எல்லாவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். முன்னவர் கடமை வேறு, பின்னவர் கடமை வேறு. ஒருவர் தவறியதை மற்றவர் கடமையிற் கைவைத்து ஈடுசெய்ய முயன்றபோதெல்லாம், விரலை இழந்தவன் ஏகலைவனாகவே இருந்தான்.